ஜென்மப்பாவமும் செந்துறைக் கெடாவும்

கடந்த தை மாதக் கடைசியில் மூன்று நாள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் காரில் போய்வந்தேன். வழக்கமாக இந்த வலைப்பூவில் அருவி, மலை, கடற்கரை என்று எழுதுவேன். இந்த முறை போனது ஒரு ஞானஸ்நானத்துக்கு. என் சித்தி மகன் அருள்தாஸ், ஜெயங்கொண்டம் தாண்டி வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர். அவனுடைய ஆறு மாதப் பெண் குழந்தை யாழினிக்கு நான்தான் ஞானத்தாய். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: குழந்தையின் சார்பில் கோயிலில் நின்று வாக்குக் கொடுப்பவள் ஞானத்தாய். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் துணி எடுத்துத் தர வேண்டும். முதல் வேலையை நாமே மறந்துவிடுவோம், இரண்டாவதை மறக்க விடமாட்டார்கள்.

இதற்கு முன்பு இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் நின்றுபோனது. காரணம் என் சித்தி லூர்துமேரியின் வாய். அருளின் மனைவி கவிதா செந்துறைப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண். பிரசவம் சிக்கலாகி, அவள் பிழைப்பாளா என்றே சந்தேகமாக இருந்த நேரம். ஒரு பக்கம் சித்தி மாதாவிடம் மன்றாடினாள், இன்னொரு பக்கம் கவிதாவின் அப்பா தங்கராசு தன் குலதெய்வமான கருப்புசாமியிடம் கெடா நேர்ந்துகொண்டார். தாயும் குழந்தையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். தங்கராசு பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது சித்தி சாதாரணமாகச் சொன்னாளாம்: "சீக்கிரம் ஞானஸ்நானம் குடுத்துடணும். அதுவரைக்கும் புள்ள ஜென்மப்பாவத்தோடதான கெடக்குது."

"எம் பேத்தி பாவியா?" என்று எழுந்த மனிதர், வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அப்பா வராம ஞானஸ்நானம் கிடையாது" என்று கவிதா சொல்லிவிட்டாள். அப்பா "பாவம்னு சொன்ன வாய் வந்து கூப்பிடட்டும்" என்றார். சித்தி "வேதத்துல உள்ளதத்தான சொன்னேன்" என்றாள். நடுவில் அருள் இளைத்துப்போய்விட்டான். கடைசியில், ஊர் சுற்றுவதுதான் உனக்குத் தொழிலாயிற்றே, போய் அவரை அழைத்து வா என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பினேன். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகப் பெரம்பலூர் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். சாலை பற்றிக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஒன்பதரைக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொங்கல், வடை, காபி, தொண்ணூற்றைந்து ரூபாய். வடை இரண்டாவது தடவையும் கேட்கத் தோன்றும் ரகம். கேட்டேன், தீர்ந்துவிட்டது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். இது சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஏற்றிய லாரிகளும் சிமென்ட் ஆகப்போகிற கல்லை ஏற்றிய லாரிகளும் எதிரும் புதிருமாகப் போகும். அரியலூர் வருவதற்குள் என் சிவப்புக் கார் எந்த நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. டீக்கடையில் நிறுத்தி ஒரு துணியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"எத்தன நாள் இருப்பீங்க?"

"மூணு நாள்."

"அப்ப மூணாம் நாள் தொடைங்க. இங்க வண்டிய நிறுத்தி வச்சாலும் படியும், ஓட்டினாலும் படியும். தோஷம் வண்டியில இல்லீங்க, ஊர்ல இருக்குது."

ஏனோ இது பெரிய தத்துவமாகத் தோன்றியது. தங்கராசு மாமாவிடம் பேசும்போது உதவும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். உதவவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியாக அருளின் ஊர் போய்ச் சேர மதியம் ஒன்று. மாலையில் பங்குச் சாமியாரிடம் ஞானப்பெற்றோருக்கான வகுப்பு. ஊரில் வயதானவர்கள் அவரைச் 'சாமி' என்பார்கள், மற்றவர்கள் 'ஃபாதர்'. நாற்பது வயதிருக்கும். புல்லட்டில் வந்து இறங்கினார். மாணவி நான் ஒருத்திதான். ஞானத்தகப்பனாக வரவேண்டிய அருளின் நண்பர் நெல் அறுப்பு என்று சொல்லித் தப்பித்துவிட்டார்.

"ஜென்மப்பாவம்னா என்ன, சொல்லுங்க பாப்போம்."

"ஆதாமும் ஏவாளும் பழத்தைத் தின்னது, ஃபாதர்."

"அது அவங்க கத. உங்களுக்கு என்ன?"

எனக்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் விழித்தேன். அவர் சிரித்தார். "பழத்த விடுங்க. தின்னியான்னு கேட்டப்ப ஆதாம் என்ன பண்ணினான்? பொண்டாட்டியக் கை காட்டினான். அவ பாம்பக் கை காட்டினா. பாம்புக்குக் கை இல்ல, அதனால கத அங்க நின்னுச்சு. குழந்த ஏதோ தப்பு பண்ணிடுச்சுன்னு சபை சொல்லல. இப்படி அடுத்தவனக் கை காட்டுற புத்தி உள்ள கூட்டத்துலதான் அது வந்து பொறக்குது. அதுக்கும் அந்தக் காயம் உண்டு. கடவுள் நம்மள அப்படியே விட்டுடலங்கிறதுக்குத்தான் ஞானஸ்நானம். இத உங்க சித்திகிட்ட நாலு தடவ சொல்லிட்டேன்."

"சித்தி என்ன சொன்னாங்க?"

"தலைய ஆட்டினாங்க. அப்புறம், எல்லாத்துக்கும் அந்தச் சம்பந்திதான் காரணம்னாங்க."

சனிக்கிழமை காலை செந்துறை கிளம்பினேன். உள்சாலைகளில் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் முந்திரி பூத்திருந்தது. கிளம்பும்போது கவிதா ஒரே ஒரு அறிவுரை சொன்னாள்: "அண்ணி, அப்பாகிட்ட சண்ட மட்டும் போட்டுடாதீங்க. அவருக்குச் சண்டன்னா ரொம்பப் புடிக்கும்."

தங்கராசு மாமாவின் வீடு செந்துறைக்கு வெளியே, கடலைக்கொல்லையை ஒட்டி இருந்தது. அறுபது வயதிருக்கும், தடித்த மீசை, சட்டை போடாத உடம்பு. என்னைப் பார்த்ததும் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார்.

"வாங்க, வாங்க. ஞானஸ்நானத்தப் பத்திப் பேச வந்திருந்தீங்கன்னா மோரக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. வேற எதப் பத்தின்னாலும் சாப்ட்டுட்டுப் போலாம்."

நான் மோரையும் குடித்தேன், சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. அவருடைய மனைவி பூங்கோதை அத்தை பரிமாறினார். இரண்டாவது சோற்றில் என் தத்துவத்தை மெதுவாக எடுத்துவிட்டேன்.

"மாமா, என் வண்டியப் பாத்தீங்களா? ஒரே தூசி. வண்டி ஏதாவது தப்பு பண்ணிச்சா? இல்ல. அரியலூருக்குள்ள வந்துச்சு, படிஞ்சிருச்சு. ஜென்மப்பாவமும் அப்படித்தான். புள்ள தப்பு பண்ணலீங்க, உலகத்துக்குள்ள வந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப தூசி கெளப்புற லாரிக்காரனப் புடிச்சுல்ல கேக்கணும்? புள்ளயப் போட்டுக் கழுவுவானேன்?"

வேறு வழியில் போனேன். "சரி மாமா, உங்களுக்குச் சுகர் இருக்குல்ல?"

"இருக்கு. எங்க அப்பாருக்கும் இருந்துச்சு."

"பாத்தீங்களா! பரம்பரையா வருது. நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"ஜிலேபி தின்னேன்."

"தெனமும்," என்றார் பூங்கோதை அத்தை, ரசத்தை ஊற்றியபடி.

ஞானத்தாய் வகுப்பில் இதற்கெல்லாம் பயிற்சி தரவில்லை. நான் ரசத்தைக் குடித்தேன். அவர் முகத்தில் வெற்றிச் சந்தோஷம். கவிதா சொன்னது சரிதான்.

வெயில் தாழ்ந்ததும், கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டே பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் கறுப்பாக ஒரு கெடா நின்றது. சின்னக் கன்றுக்குட்டி உயரம், கழுத்தில் மணி, எண்ணெய் தடவியது போன்ற உடம்பு. மாமா அதற்கு முறுக்கு உடைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறுக்கை மடியில் மறைத்தார்.

"இதுதான் கருப்புக்கு நேந்துகிட்ட கெடாவா?"

"ஆமா. பேரு மைனரு. நான் வைக்கல, அதுவா வந்துருச்சு."

பூங்கோதை அத்தை கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஆடி மாசம் குட்டியா வாங்கினது. கையோட வெட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பொண்ணும் பேத்தியும் வந்து நின்னாத்தான் வெட்டணும்னு முறை. உங்க சித்தி கெடா வெட்டுக்குப் புள்ளய அனுப்ப மாட்டேனுட்டாங்க. இப்ப இது படுத்தாத்தான் இவரு படுக்கிறாரு."

மாமா கெடாவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உங்க சாமிக்குக் கெடா வெட்டுற வழக்கம் உண்டா?"

"இல்ல மாமா. காணிக்கையா ஓட்டிட்டு வருவாங்க, கோயில்ல ஏலம் விடுவாங்க. பீடத்துல பலி கெடையாது."

"ஏன் கெடையாது?"

"அவரே பலியாயிட்டாரு. எல்லாருக்காகவும், ஒரே தடவ. அதுக்கப்புறம் எந்த ஆடும் சாக வேண்டாம்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவர் கை நின்றது. "ஒரே தடவையா?"

"ஒரே தடவ."

"எல்லாருக்காகவுமா?"

"எல்லாருக்காகவும்."

"அப்படின்னா," என்றவர் கெடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அது எங்க கருப்புக்கும் செல்லுமா?"

இரண்டு மதங்களையும் அவரவர் வேலியையும் ஒரே கேள்வியில் தாண்டிவிட்டார். நான் என்ன சொல்ல முடியும்? இல்லை என்றால் மைனர் செத்தது. ஆமாம் என்றால் நான் கருப்புசாமியின் விவகாரத்தில் தலையிட்டவளாவேன். "எனக்குத் தெரியல மாமா. ஃபாதரத்தான் கேக்கணும்," என்றேன்.

"அவரு எப்ப இருப்பாரு?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிப் பூசைக்கு."

அவர் கெடாவைப் பார்த்தார். "ஞானஸ்நானத்துக்கு நான் வரல. அத எழுதி வச்சுக்க. கேள்வி கேக்க வரேன்."

கவிதாவுக்கு போன் செய்தேன். அப்பா வருகிறார் என்றதும் அவள் அழுதுவிட்டாள். எதற்கு வருகிறார் என்பதை நான் சொல்லவில்லை. ராத்திரி அங்கேயே தங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். நான் ஓட்ட, முன்சீட்டில் பூங்கோதை அத்தை, பின்சீட்டில் மாமாவும் மைனரும். கேள்வி கேட்க மாமா போதாதா, கெடா எதற்கு என்று கேட்டேன். "யாருக்காகக் கேக்குறோமோ அவன் பக்கத்துல இருக்கணும்ல?" என்றார். அவர் வெள்ளை வேட்டி சட்டை, தோளில் மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துண்டு. கேள்வி கேட்கப் போகிறவருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சென்னையில் யாழினிக்காக வாங்கிய ஞானஸ்நான உடுப்பைக் கசங்காமல் இருக்கட்டும் என்று பின்ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்தேன். வெள்ளைச் சாட்டின், கழுத்தைச் சுற்றி லேஸ், தோளில் துணி ரோஜாக்கள். உடையார்பாளையம் தாண்டியதும் ஒரு லாரி திடீரென்று நிற்க, நானும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஏதோ சரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் முறுக்கு தின்கிற சத்தம் வந்தது. மாமா ஊட்டுகிறார் என்று நினைத்தேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் இறங்கிப் பார்த்தபோது உடுப்பில் ஒரு தோள்பக்கமே இல்லை. மைனர் வாயின் ஓரத்தில் ஒரு துணி ரோஜா தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபாதர் பூசைக்குப் போகிறவர் சத்தம் கேட்டு நின்றார். அருளும் சித்தியும் கைக்குழந்தையோடு கவிதாவும் ஓடி வந்தார்கள்.

"மாமாதான் கயித்த விட்டுட்டுத் தூங்கிட்டாரு," என்றேன் நான்.

"இவதான் விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிவிட்டு வேல வாங்கினா. தூக்கம் வராதா?" என்று மாமா மனைவியைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு பிரேக்க அப்படி மிதிக்கலன்னா கெடா ஏன் அந்தப் பக்கம் சாயுது?" என்றார் அத்தை.

"லாரிக்காரன் நின்னா நான் என்ன அத்த பண்றது?" என்றேன்.

லாரிக்காரன் எங்கே இருக்கிறானோ! எல்லோரும் ஒன்றாக மைனரைப் பார்த்தோம். அது யாரையும் கை காட்டவில்லை. ரோஜாவை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஃபாதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னிடம், "நேத்தே கேட்டீங்களே, உங்களுக்கு என்னன்னு. இப்பப் புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கேட்டது வெள்ளிக்கிழமை, கேட்டவர் அவர். திருத்தும் நிலையில் நான் இல்லை.

மாமா கோயிலுக்குள் வர மறுத்துவிட்டார். கயிற்றைப் பிடித்தபடி வாசலுக்கு வெளியே நின்றார். சித்தி அவரைப் பார்க்காதது போலப் பார்த்தாள், அவரும் அப்படியே. பூசை ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்று, நான் பாவி என்று சொல்லி மார்பில் தட்டிக்கொள்ளும் ஜெபம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மாமா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் என் சித்தி மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து ஞானஸ்நானம். குழந்தையின் சார்பில் எங்களிடம் ஃபாதர் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து கணீரென்று வந்தது: "விட்டுட்டோம் சாமி!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. "கெட்டத விடச் சொன்னா யாருதான் வேண்டாம்பாங்க?" என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். தை மாதக் குளிர்த் தண்ணீர். யாழினி வீறிட்டாள். பெண்கள் பக்கமிருந்து மொத்தமாக ஒரு குரல்: "அச்சோ, பாவம்!"

"அத இப்பத்தான எடுத்தீங்க?" என்றார் மாமா வாசலிலிருந்து.

ஃபாதர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவரால் தொடர முடிந்தது. எண்ணெய் பூசினார். பிறகு வெள்ளை உடை போர்த்த வேண்டிய கட்டம். ஞானத்தாய் என்ற முறையில் நான்தான் கொடுக்க வேண்டும். பையிலிருந்து எடுத்தேன். ஒரு தோள் இல்லை, மிச்சமிருந்த பக்கத்தில் ஆட்டு எச்சில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கவிதாவின் முகம் சுருங்கியது.

"வெள்ளையா எதுவா இருந்தாலும் போதும்," என்றார் ஃபாதர்.

எல்லோரும் சுற்றும்முற்றும் பார்த்தோம். என் சித்தி பார்க்கவில்லை. அவளுக்கு எங்கே இருக்கிறதென்று தெரியும். அப்புறம் செருப்பில்லாத காலோடு நடுவழியே நடந்து வாசலுக்குப் போனாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர்.

"அண்ணே, அந்தத் துண்டக் குடுங்க."

மாமா துண்டைப் பிடித்துக்கொண்டார், கொடுக்கவில்லை.

"புள்ள குளிர்ல நடுங்குது," என்றாள் சித்தி. "அன்னிக்கு நான் சொன்னது அவளுக்கு மட்டும் இல்லண்ணே. எனக்கும் சேத்துத்தான். எனக்குத்தான் முதல்ல. சொல்லத் தெரியாம சொல்லிட்டேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் ஒத்துக்கிட்டுப் போயிருப்பேனே," என்றார் மாமா. "உங்களப் பத்தி எனக்கு எப்பவும் சந்தேகமே இருந்ததில்ல."

சித்திக்குக் கோபம் வந்து, வந்த வேகத்தில் சிரிப்பாகிவிட்டது. மாமா மைனரை என் கார்க் கதவில் கட்டிவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தானே உள்ளே நடந்து வந்தார். பேத்தியைப் போர்த்தினார். அவள் அழுகையை நிறுத்தி அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். கவிதா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. வெளியே மைனர் என் காரின் ரப்பர் பட்டையைத் தின்ன ஆரம்பித்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

விருந்தில் பிரியாணி. மாமா இலையில் உட்கார்ந்ததும் கரண்டி பிடித்தவரிடம், "மைனருக்குச் சொந்தக்காரங்க யாரும் இதுல இல்லல்ல?" என்று கேட்டார். கோழி என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டார். பிறகு ஃபாதரைத் தனியாகப் பிடித்து, வந்த காரியத்தைக் கேட்டார்.

ஃபாதர் கேலி செய்யவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க வாக்குக் குடுத்தது கருப்புகிட்ட. அத நான் தள்ளுபடி பண்ணினா நல்லாருக்காது, அடுத்த வூட்டு விஷயம். ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க வேண்டிக்கிட்ட வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"எம் பொண்ண உசுரோட குடுத்துடு, உனக்கு ஒரு கெடா குடுத்துடறேன்னு சொன்னேன் சாமி."

"வெட்டுறேன்னு சொன்னீங்களா, குடுக்கிறேன்னு சொன்னீங்களா?"

மாமா கண்ணை மூடி யோசித்தார். "குடுக்கிறேன்னுதான்."

"அப்ப போய்க் குடுங்க. வெட்டணுமா வேண்டாமான்னு அவரு சொல்லட்டும்."

மாலை நாலு மணிக்கு எல்லோரும் இரண்டு வண்டிகளில் செந்துறை திரும்பினோம். ஆச்சரியம் என்னவென்றால் சித்தியும் வந்தாள். "அவரு எங்க வாசல்ல வந்து நின்னாரு, நான் அவரு வாசல்ல நிக்க மாட்டேனா?" என்றாள். கருப்பு கோயில் மாமா வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், முந்திரித் தோப்புக்குள். சித்தி எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுகொண்டாள். பூசாரி கலியன், தங்கராசு மாமாவுக்குப் பங்காளி. அரிவாளைப் பளபளவென்று தீட்டி வைத்திருந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"குடுத்தா? கருப்பு என்ன, கெடாவக் கட்டி வளக்கவா போறாரு?"

"அது அவரு இஷ்டம். நீ கேளு."

பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து மைனரின் தலையில் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம். அன்றைய கேள்வி, வெட்டாமல் ஏற்றுக்கொள்கிறாயா என்பது. மைனர் அசையவில்லை. மறுபடி ஊற்றினார். அசையவில்லை. பூசாரியின் பார்வை அரிவாள் பக்கம் போனது. மாமாவின் கை கூப்பியது கூப்பியபடியே இருந்தது. அவருக்குப் பின்னால், எல்லைக்கு வெளியே, என் சித்தி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மூன்றாவது தடவை ஊற்றியதும் மைனர் தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது பாருங்கள், நாங்கள் எல்லோரும் நனைந்துபோனோம். மாமா அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூசாரி பெருமூச்சு விட்டு, "பொங்கலாச்சும் வைங்க," என்றார்.

பிறகு அவர் யாழினியின் நெற்றியில் திருநீறு பூசினார். அருள் பயந்து அம்மாவைப் பார்த்தான். சித்தி அப்போது பக்கத்திலிருந்த முந்திரி மரத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். "எவ்வளவு பூ!" என்றாள். பூசி முடிகிறவரை அந்த மரத்தில் அவளுக்குப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருந்தது.

மைனரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் பாய் விரித்து உட்காரும்போதே மணிச்சத்தம் கேட்டது. குறுக்குவழியாக வந்து மைனர் வேப்பமரத்தடியில் நின்றது.

"நான் குடுத்துட்டேன். நீங்கல்லாம் சாட்சி," என்றார் மாமா. "அவரு திருப்பி அனுப்பினா நான் என்ன பண்றது?"

அத்தை முறுக்கு டப்பாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

அங்கே டீ வருவதற்குக் காத்திருந்த நேரத்தில், இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காகப் போனில் குறிக்க ஆரம்பித்து, வீட்டுக்கு வந்து முடித்தவை இவை. சொந்த வண்டி வசதி. இல்லையென்றால் அரியலூர் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் பஸ் உண்டு. மூன்று நாளைக்கு எனக்கு பெட்ரோல் ஐந்தாயிரத்துக்குப் பக்கம் ஆனது. அரியலூரில் நேரம் கிடைத்தால் பூமிக்கடியில் கிடைத்த சங்கு, நத்தைப் படிமங்களைப் பாருங்கள். இந்த ஊர் ஒருகாலத்தில் கடலாம். ஏலாக்குறிச்சி மாதா கோயில் அரியலூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், கொள்ளிடத்துப் பக்கம். தை, மாசியில் வந்தால் வெயில் தாங்கும். ஆட்டைக் காரில் ஏற்ற நேர்ந்தால் பழைய போர்வை விரியுங்கள், துணிமணிகளை டிக்கியில் வையுங்கள், கயிறு பிடிப்பவர் தூங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கார்க் கதவில் மட்டும் கட்டாதீர்கள். எனக்குப் புது ரப்பர் பட்டைக்கு அறுநூறு ரூபாய் ஆயிற்று.

டீ குடித்து முடித்துக் கிளம்பினேன். மாமா ஒரு பை நிறையக் கடலை கொண்டுவந்து சீட்டில் வைத்தார். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாமா, துண்ட வாசல்லயே சித்தி கையில குடுத்திருக்கலாம். எதுக்கு உள்ள வந்தீங்க?"

அவர் கார்க் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"உள்ள அத்தன பேரும் பாவின்னு மார்ல தட்டிக்கிட்டு ஒண்ணா நின்னாங்க. வெளிய நான் ஒருத்தன்தான் நல்லவனா நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார். "நல்லாவே இல்லம்மா."